ஆப்பிரிக்க டெவலப்பர்களுக்கு மையமற்ற வலை ஹேக்கத்தான் எதற்கு?

மையமற்ற வலை என்றால் ஒரே மைய சர்வரை நம்பாமல் கணினிகள் தங்களுக்குள் நேரடியாகத் தகவலைப் பகிரும் முறை; ஹேக்கத்தான் என்றால் டெவலப்பர்கள் ஒன்றுகூடிச் செய்துபார்க்கும் நிகழ்வு. நைஜீரியாவின் லாகோஸ், கானாவின் அக்ரா நகர டெவலப்பர்களுக்கு இப்படியொரு ஹேக்கத்தானால் நிஜமாகப் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாக உண்டு.

2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட்டை ஒட்டிய கடலடியில் நான்கு கேபிள்கள் பழுதாகி, நைஜீரியா, கானா உட்படப் பல நாடுகளில் இணையம் முடங்கியது. பக்கத்துத் தெருவுக்கு அனுப்பும் கோப்புகூட ஐரோப்பிய சர்வரைத் தொட்டுத்தான் வர வேண்டுமென்றால், அன்றைக்கு அதுவும் நின்றுபோகும்.

மையமற்ற வலையில் கோப்புகளைப் பகிரப் பயன்படும் ஐபிஎஃப்எஸ் (IPFS) வேறு மாதிரி. கோப்பு எந்த சர்வரில் இருக்கிறது என்று பார்க்காமல், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹேஷை (கோப்பின் கைரேகை போன்ற அடையாளக் குறியீட்டை) வைத்துத் தேடும். அதே வளாகத்தில் வேறொரு கணினியில் நகல் இருந்தால் போதும், உள்ளூர் நெட்வொர்க்கிலேயே எடுத்துவிடலாம். யாருமே நகல் வைத்திருக்காவிட்டால் கிடைக்காது என்பதையும் சொல்லித்தர வேண்டும்.

சரி, ஹேக்கத்தான் எதற்கு? இரண்டு லேப்டாப்பை ஒரே வைஃபையில் இணைத்து, வெளி இணைப்பைத் துண்டித்தபின் கோப்பு வந்து சேர்வதைக் கண்ணால் பார்த்தால்தான் இது மனதில் பதியும்.