இலை ஓரம் ஏன் கருகுது?

கேள்வி: அண்ணாச்சி, குற்றாலத்தில் வாங்கிவந்த கலாத்தியா என்கிற அழகு இலைச் செடி, பாளையங்கோட்டையில் எங்கள் வராந்தாவுக்கு வந்ததும் இலை ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. தினமும் போர் தண்ணீர் ஊற்றத்தான் செய்கிறேன்.

பதில்: எனக்கு அந்தத் தண்ணீர் மேல்தான் முதல் சந்தேகம். இது அமெரிக்க வெப்பமண்டலக் காட்டில் பெரிய மரங்களுக்கு அடியில் வளர்கிற செடி, உப்புத் தண்ணீர் ஆகாது, மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள், அதுவும் தினமும் வேண்டாம், மண்ணில் விரலை ஒரு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும். அப்புறம் ஆனி, ஆடிக் காற்று! சாரல் பெரும்பாலும் குற்றாலத்தோடு நின்றுவிடும், நமக்கு மிச்சம் வறண்ட காற்றுதான். வராந்தாவிலிருந்து எடுத்து, வெயில் நேரே விழாத ஜன்னல் பக்கம் வையுங்கள். கருகின ஓரம் மறுபடி பச்சையாகாது, கத்தரித்துவிடலாம். ராத்திரி இலைகள் கைகூப்பின மாதிரி நிமிர்ந்து நிற்கும், பயப்படாதீர்கள், விடிந்தால் விரிந்துவிடும்.