பேசினுக்குள் ஆமைக்குஞ்சு

கேள்வி: மழையில் தோட்டத்துக் கானில் அடித்து வந்த ஆமைக்குஞ்சை மகன் பேசினில் விட்டிருக்கிறான். சோறு போட்டால் தொடவே இல்லை. வளர்க்கலாமா?
– வாசகி, பசறை

பதில்: வேண்டாம் தங்கச்சி. நம் நாட்டு ஆமைகளை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். 1992க்கு அழைத்து வனசீவராசிகள் திணைக்களத்திடம் சொல்லுங்கள். அதுவரை ஓடு நனையும் அளவுக்குத் தண்ணீர், ஏறி உட்கார ஒரு தட்டைக் கல், போதும். சோறு, பாண், பால் எதுவும் ஆகாது. குளிரில் அதற்குப் பசியே எடுக்காது. உடம்பு சூடேறினால்தான் செரிக்கும். காலை வெயிலில் வையுங்கள், பாதி பேசின் நிழலில் இருக்கட்டும். யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பயனில்லை, ஓடு இறுகத் தேவையான வெயில் கதிர்களைக் கண்ணாடி மறித்துவிடும். காகம் தூக்கிவிடாமல் ஒரு கண் இருக்கட்டும்! அப்புறம், தொட்டால் மகன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆமையில் வயிற்றோட்டம் தரும் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். அந்தப் பேசினை இனிக் குசினிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.