மூன்றாவது முறை எண்ணாதீர்கள்

கேள்வி: கூட்டுறவு வங்கிக் கிளை ஒன்றில் ஆறு ஆண்டுகளாகக் காசாளராக இருக்கிறேன். வயது 34. சென்ற தீபாவளிக் கூட்டத்தில் ஒருநாள் மாலை கணக்கு முடிக்கும்போது 4,000 ரூபாய் குறைந்தது. கைக்காசு போட்டுக் கட்டினேன். பணம் போனதுகூடப் பெரிதில்லை. அன்றிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. பாதி எண்ணும்போது எண்ணிக்கை மறந்துவிடுகிறது. மூன்று தடவை, நான்கு தடவை எண்ணுகிறேன். வரிசையில் யாராவது “சீக்கிரம்மா” என்றால் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. வீட்டில் மாமனாருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. அந்த யோசனையும் கவுண்டருக்குக் கூடவே வந்துவிடுகிறது. தியானம் செய்யச் சொல்கிறார்கள். கண்ணை மூடினால் படபடப்பு கூடத்தான் செய்கிறது. இருக்கையை விட்டு எழாமல் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

பதில்: 4,000 ரூபாய் என்ற தொகையைப் பார்த்ததும் எனக்கு ஓர் ஊகம் தோன்றியது. பத்து நூறு ரூபாய்த் தாள்கள் போகவேண்டிய இடத்தில் பத்து ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் போயிருக்கலாம். அப்படியானால் அன்று நீங்கள் எண்ணியதில் பிழையே இல்லை. பத்து என்று எண்ணினீர்கள், பத்துதான் கொடுத்தீர்கள். எந்தக் கட்டிலிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் பார்வை பிசகியிருக்கிறது. ஆனால் அதற்குப் பரிகாரமாக, இத்தனை மாதங்களாக நீங்கள் செய்துவருவது எண்ணுவதையே நான்கு மடங்காக்கியது. ஊகம் தவறாகவும் இருக்கலாம். இருந்தாலும் உங்கள் கேள்விக்கான பதிலை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை என்கிறீர்கள். என் கணிப்பில் உங்கள் கவனம் இப்போது அளவுக்கு மீறி வேலை செய்துகொண்டிருக்கிறது. வரிசையில் நிற்பவரின் முகச்சுளிப்பு, மேலாளர் அறைக் கதவு, கைப்பையில் கைப்பேசி அதிர்கிறதா என்பது, இவை அத்தனையையும் அது காவல் காக்கிறது. நோட்டுக்குத்தான் மிச்சம் இல்லை. ஆபத்து வந்துவிட்டதாக உடல் நம்பிவிட்டால் இப்படித்தான் நடக்கும். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, கை வியர்க்கிறது. ஓடுவதற்கும் சண்டையிடுவதற்கும் அது நல்ல ஏற்பாடு. அறுபத்து மூன்றுக்குப் பிறகு அறுபத்து நான்கு என்று நினைவில் நிறுத்துவதற்கு மட்டும் உதவாது. எண்ணைக் கைவசம் வைத்திருப்பது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளையின் வேலை. நம் கட்டுப்பாட்டில் இல்லாத அழுத்தம் வரும்போது முதலில் தளர்வது அந்தப் பகுதிதான் என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் மூளை ஆய்வாளர் ஏமி ஆர்ன்ஸ்டென் பல ஆண்டு ஆய்வுகளில் விளக்கியிருக்கிறார். அதற்கும் வெகுகாலம் முன்பே, 1908இல், யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் சுண்டெலிகளை வைத்துச் சோதித்தார்கள். எளிய பாடம் என்றால் மின்னதிர்ச்சியைக் கூட்டக் கூட்ட எலி சீக்கிரம் கற்றது. பாடம் நுணுக்கமானபோது, அதிர்ச்சி ஓர் அளவைத் தாண்டியதும் கற்பது தாமதமாகியது. நோட்டு எண்ணுவது உங்களுக்கு எளிய வேலையாகத்தான் இருந்தது. அந்த 4,000 ரூபாய்க்குப் பிறகு அது நுணுக்கமான வேலையாக மாறிவிட்டது.

ஆகவே “கவனமாக இரு” என்று உங்களையே அதட்டிக்கொள்வதை முதலில் நிறுத்துங்கள். அது இன்னொரு மின்னதிர்ச்சி. உடலை முதலில் இறக்குவோம், மனம் பின்னால் வரும்.

மூச்சைப் பற்றி எல்லோரும் சொல்வது “ஆழமாக மூச்சை இழுத்து விடு” என்பது. இதில் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. படபடப்பில் இருப்பவர் இதைக் கேட்டதும் மேலும் மேலும் இழுப்பார். வேகமாக அதிகக் காற்றை இழுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை லேசாகச் சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். “ஐயோ, மயக்கம் வருகிறதே” என்று பயம் இரட்டிக்கும். கவனிக்கவேண்டியது வெளியே விடும் மூச்சு. மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றுக் கூடுகிறது, விடும்போது குறைகிறது. இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பு அதன் மேல் வைத்திருக்கும் பிடி அப்படி. விடும் மூச்சை நீட்டினால் துடிப்பு குறையும் நேரமும் நீள்கிறது. நம் யோக மரபில் பூரகத்துக்குப் பதினாறு மாத்திரை, ரேசகத்துக்கு முப்பத்திரண்டு என்று திருமூலர் கணக்கு வைத்தார்; இழுப்பதைப் போல இரு மடங்கு விடுவது. நடுவே அறுபத்து நான்கு மாத்திரை மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகமும் உண்டு. அதைக் குரு இல்லாமல் முயலவேண்டாம், கவுண்டரில் நிச்சயமாக வேண்டாம்.

நீங்கள் செய்யவேண்டியது இது. மூக்கால் மூச்சை இழுங்கள். நிறைந்துவிட்டது என்று தோன்றும்போது அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு. பிறகு ஆறிய பாலின் ஆடையை ஊதி ஒதுக்குவதுபோல, வாயால் மெல்ல, நெஞ்சில் காற்று தீரும்வரை விடுங்கள். அழுது முடித்த குழந்தை தானாகவே விடும் பெருமூச்சும் ஏறக்குறைய இதுதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மூச்சை நாளுக்கு ஐந்து நிமிடம் என ஒரு மாதம் செய்தவர்களின் மனநிலை, அதே நேரம் தியானத்தில் அமர்ந்தவர்களைவிடக் கூடுதலாக மேம்பட்டிருந்தது. தியானம் கைகூடவில்லையே என்று நீங்கள் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. கண்ணை மூடினால் படபடப்பு கூடுவது பலருக்கும் நடப்பதுதான். வெளியே பார்க்க ஒன்றும் இல்லாதபோது உள்ளே இருக்கும் இரைச்சல் பெரிதாகக் கேட்கிறது.

காலையில் கவுண்டர் திறப்பதற்கு முன் ஐந்து நிமிடம், கண் திறந்தபடியே இதைச் செய்யுங்கள். கவுண்டரில் மூன்று மூச்சு போதும். எப்போது என்கிறீர்களா? நோட்டு எண்ணும் இயந்திரம் ஓடும் நேரத்தில். அந்தக் கடகட ஓசை இத்தனை நாள் உங்களுக்கு “தப்பு வந்துவிடுமோ” என்ற அறிகுறியாக இருந்திருக்கும். இனி அது மூச்சை விடுவதற்கான அறிகுறி. யாருக்கும் தெரியப்போவதில்லை.

தோளையும் கொஞ்சம் பாருங்கள். இதைப் படிக்கும்போதுகூட அது காதை நோக்கி ஏறித்தான் இருக்கும். மேசைக்கடியில் இரண்டு உள்ளங்கால்களையும் தரையில் ஐந்து நொடி அழுத்தி, விட்டுவிடுங்கள். கைகளை இறுக மூடித் திறங்கள். தசையை வேண்டுமென்றே இறுக்கித் தளர்த்தினால் தளர்வது எப்படி இருக்கும் என்று உடலுக்கு நினைவு வருகிறது. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 1920களில் வகுத்துக்கொடுத்த முறை இது. இன்றும் சிகிச்சையில் இருக்கிறது.

அடுத்தது உங்கள் தொழிலுக்கென்றே அமைந்த ஒன்று. மனம் பதறும்போது தொட்டுணரும் பொருள் ஒன்றில் கவனத்தை நிறுத்தச் சொல்வோம். சிலர் கல்லைச் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். உங்கள் கையில் அதைவிட நல்லது இருக்கிறது. இப்போது புழங்கும் நோட்டுகளின் இடது, வலது ஓரங்களில் பார்வையற்றோருக்காக மேடான சாய்கோடுகள் அச்சிட்டிருக்கிறார்கள். நூறு ரூபாயில் நான்கு, இருநூறில் நான்கு கோடுகளோடு இரண்டு வட்டம், ஐந்நூறில் ஐந்து. கட்டிலிருந்து எடுத்ததும் மேல் தாளின் ஓரத்தில் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டுங்கள். புழங்கித் தேய்ந்த தாளில் கோடு தட்டுப்படாமல் போகலாம், பரவாயில்லை. விரலும் கண்ணும் ஒரு நொடி அந்தத் தாளில் நிற்பதுதான் தேவை. மனத்தைக் கவுண்டருக்குத் திருப்பிக் கொண்டுவரும் வேலையும், தீபாவளியன்று விட்டுப்போன அந்தப் பார்வையும் ஒரே அசைவில் முடிந்துவிடுகின்றன.

அதோடு வாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரயில் எஞ்சினில் ஓட்டுநரும் உதவியாளரும் வரும் சிக்னலை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வார்கள். ஜப்பானிய ரயில்வேயில் விரலால் சுட்டிக்காட்டி, கூவியே சொல்வது வழக்கம். பழகிய வேலையைக் கை தன்பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கும்; சொல்லாகி வாயில் வரும்போதுதான் அறிவு அங்கே வந்து நிற்கிறது. “ஐந்நூறு, பத்து, ஐயாயிரம்” என்று வாடிக்கையாளர் காதில் விழும்படி சொல்லிக் கொடுங்கள். அவரும் ஒரு சாட்சி ஆகிறார்.

இப்போது அந்த மூன்றாவது, நான்காவது எண்ணிக்கைக்கு வருகிறேன். இதுதான் உங்களை உண்மையில் அரிப்பது. நெதர்லாந்தின் உளவியலாளர்கள் வான் டென் ஹௌட், கிண்ட் இருவரும் 2003இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கணினித் திரையில் எரிவாயு அடுப்பு ஒன்றை ஏற்றி, அணைத்து, அணைந்ததா என்று சரிபார்க்கவேண்டும், திரும்பத் திரும்ப. கடைசியாகச் சரிபார்த்ததைப் பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். ஆனால் அதே அடுப்பைப் பலமுறை சரிபார்த்தவர்களுக்குத் தம் நினைவின் மேல் இருந்த நம்பிக்கை தேய்ந்து, அந்தக் காட்சியே மங்கலாகியிருந்தது. சந்தேகத்தைத் தீர்க்கத்தான் சரிபார்க்கிறோம்; ஓர் அளவுக்கு மேல் போனால் சரிபார்ப்பதே சந்தேகத்தை வளர்க்கிறது. கேஸை மூடினோமா என்று வாசல்வரை போய்த் திரும்பி வந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

எனவே ஒரு சட்டம்: இயந்திரத்தில் ஒருமுறை, கையால் ஒருமுறை. இரண்டும் ஒத்தால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். ஒத்துவராதபோது மட்டும் மூன்றாவது. உங்கள் கிளையில் வேறு விதி இருந்தால் அந்த விதிப்படி. அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். முதல் சில நாள் கை அரிக்கும். அரிக்கட்டும். எண்ணாமல் விட்ட பதற்றம் தானாக ஏறித் தானாகவே இறங்குவதை உடல் ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த முறை அவ்வளவு உயரம் ஏறாது.

எண்ணும்போது பாதியில் குறுக்கீடு வந்தால் விட்ட இடத்தை நினைவில் தேடாதீர்கள். இருபது இருபதாகப் பிரித்து வைத்து எண்ணினால் கையிலிருக்கும் இருபதை மட்டும் மறுபடி தொடங்கலாம். முடித்த அடுக்குகள் மேசைமேல் சாட்சியாக இருக்கும். “சீக்கிரம்மா” என்பவருக்கு நிமிர்ந்து பார்க்காமல் சொல்ல ஒரே வாக்கியத்தை முன்பே முடிவு செய்து வையுங்கள்: “எண்ணி முடித்ததும் பேசுகிறேன் ஐயா.” ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதில் யோசிப்பதில்தான் எண்ணிக்கை நழுவுகிறது.

மாமனாரின் நினைவை விரட்ட முயலவேண்டாம். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதே என்று டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல் மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தார். கரடி வந்துகொண்டே இருந்தது. முடியாத வேலை மனத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் அதை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டம் எழுதிவிட்டாலே தட்டுவது பெரிதும் அடங்குகிறது என்று மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் 2011இல் எழுதினார்கள். வேலையை முடிக்கக்கூட வேண்டியதில்லை. கவுண்டருக்குப் போகுமுன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். “மாமனார் உடம்பு” என்று எழுதினால் அது கவலை, அதில் பயனில்லை. “வியாழன் டயாலிசிஸுக்கு அழைத்துப்போக ஆள் – மதியம் 1.30க்குக் கொழுந்தனாரிடம் போனில் கேட்பது” என்று எழுதுங்கள். சீட்டு கைப்பையில், கைப்பேசியும் அதே பையில். மருத்துவமனை அழைப்பு தவறிவிடுமோ என்ற பயம் இருந்தால் கிளையின் தொலைபேசி எண்ணை அங்கே கொடுத்துவையுங்கள்.

காலையில் வெறும் வயிற்றில் இரண்டு காபி குடிப்பவராக இருந்தால் ஒன்றாக்குங்கள். காபியின் வேகம் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். படபடப்புக்கு அது எண்ணெய்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒரே காசாளர், மாதத் தொடக்கத்து வரிசை, சாப்பாட்டுக்குக்கூட மாற்றாள் இல்லை என்ற நிலையில் எந்த மூச்சுப்பயிற்சியும் ஓரளவுக்குத்தான் தாங்கும். கூட்ட நாட்களில் டோக்கன் கொடுப்பது, கண்ணாடிக்கு முன் ஒருவர் மட்டும் நிற்கக் கோடு போடுவது, மதியம் பத்து நிமிட மாற்றாள் ஆகியவற்றை மேலாளரிடம் கேளுங்கள். எழுதிக் கேளுங்கள். இதைப் பலவீனம் என்று நினைக்கவேண்டாம். பணம் குறையாமல் இருப்பது கிளைக்கும் நல்லதுதானே.

மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள். தைராய்டு அதிகம் சுரந்தாலும், இரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். நெஞ்சுவலியோ மயக்கமோ சேர்ந்து வந்தால் காத்திருக்கவேண்டாம். சரிபார்க்கும் பழக்கம் வீட்டுக்கும் பரவி, பூட்டு, அடுப்பு, குழாய் என்று நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றால் மனநல மருத்துவரிடம் போங்கள். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. உடனே யாரிடமாவது பேசவேண்டும் என்றால் மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

எல்லாவற்றையும் திங்கட்கிழமையே தொடங்கவேண்டாம். முதல் வாரம் இயந்திர ஓசைக்கு மூச்சு, மேல் தாளுக்குக் கட்டைவிரல், இவை இரண்டு மட்டும். இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு சிறு குறிப்பேடு வைத்து, மூன்றாவது முறை எண்ணத் தோன்றி எண்ணாமல் விட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போடுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தக் கோடுகளோடு எனக்கு எழுதுங்கள்.