த்ரில்லர் படத்துக்கும் டிராமா படத்துக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுலயும்தான் கொலை வருதே?

கொலை வந்தா த்ரில்லர், அழுகை வந்தா டிராமான்னு யாரோ உங்களுக்குச் சொல்லி வச்சிருக்காங்க போல. நீங்க அனேகமா ஷார்ட் ஃபிலிம் எடுக்கப் போறவரு, ஸ்கிரிப்டை எவன்கிட்டயோ காட்டி, "இது எந்த ஜானர், அதாவது எந்த வகைப் படம்னே புரியலயே"ன்னு வாங்கிக் கட்டிக்கிட்டு இங்க வந்திருக்கீங்கன்னு நினைக்கிறேன். இல்லன்னா மன்னிச்சுக்கங்க.

நான் சினிமா படிச்சவன் கிடையாது, சேலத்துல அஸ்தம்பட்டி பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். "சஸ்பென்ஸ் பட டைரக்டர் ஹிட்ச்காக் மேஜைக்கு அடியில குண்டு வைக்கறதைப் பத்திச் சொன்னது தெரியுமா"ன்னு கமெண்ட்ல ஒருத்தர் வருவீங்க. தெரியும் சார். குண்டு இருக்கறது படம் பாக்கறவனுக்கு முன்னாடியே தெரிஞ்சா கால் மணி நேரம் பதறுவான், தெரியாம வெடிச்சா பதினஞ்சு செகண்டு தூக்கிப் போடும், அவ்ளோதான். ஆனா எனக்குப் புரிஞ்சது எங்க ஊர்ப் படத்துல இருந்துதான். ஏற்காடு ரோட்ல மாடர்ன் தியேட்டர்ஸ்ங்கற பழைய சினிமா ஸ்டூடியோவோட நுழைவு வளைவு இன்னைக்கும் நிக்குதே, அவங்க 1950ல எடுத்த படம் மந்திரி குமாரி, கலைஞர் வசனம். புருஷன்காரன் பாட்டுப் பாடிக்கிட்டே பொண்டாட்டியை மலை உச்சிக்குக் கூட்டிட்டுப் போறான், கொல்லத்தான் போறான்னு நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சதும், சாகறதுக்கு முன்னாடி உங்களை மூணு சுத்து சுத்திக் கும்பிட்டுக்கறேன்னு சொல்லி, பின்னாடி வந்து அவனைத் தள்ளி விட்டுடுவா. ஐம்பெருங்காப்பியத்துல ஒண்ணான குண்டலகேசி கதைதான் அது. ஏறுற வரைக்கும் அது த்ரில்லர். தள்ளிட்டு ஒத்தையா இறங்கி வரணும் பாருங்க, காப்பியத்துல அவ கடைசியா பௌத்தத் துறவி ஆயிடறா, அந்தப் பாதி டிராமா. முன்னதுல நம்ம கேள்வி அடுத்து என்ன ஆகும், பின்னதுல நடந்ததை வச்சுக்கிட்டு இவ எப்படி இருக்கப் போறா. கொலை ரெண்டுக்கும் பொதுதான்.

1954ல வந்த "அந்த நாள்"ங்கற படத்தைப் பாருங்க, பாட்டே கிடையாது, எடுத்த எடுப்புலயே ஆள் காலி, யார் சுட்டதுன்னு ஒவ்வொருத்தரும் ஒரு கதை சொல்வாங்க. பொண்டாட்டி கையில இருந்த துப்பாக்கின்னு தெரிஞ்சதும் அது துப்பறியற படமா இருக்காது, நாட்டைக் காட்டிக் கொடுத்த புருஷனை வச்சுக்கிட்டு ஒருத்தி என்ன பண்ணுவான்னு ஆயிடும். எழுபது வருஷப் படத்துக்கு ஸ்பாய்லர் சொல்லிட்டேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க.

இதெல்லாம் நான் யோசிக்க ஆரம்பிச்சதே சில ஷார்ட் ஃபிலிம் பசங்களாலதான். எங்கப்பா ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட் பங்களால ரொம்ப காலம் வாட்ச்மேன். பசங்க போன் டிஸ்ப்ளே மாத்த வந்தவங்க, பேச்சு வாக்குல அப்பா விஷயம் தெரிஞ்சு கெஞ்ச, நான்தான் அந்த ஓனர்கிட்ட பேசி இடம் வாங்கிக் கொடுத்தேன். கதை என்னன்னா அப்பன் செத்தப்புறம் எஸ்டேட்டை விக்கலாமா வேணாமான்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வர்றாங்க, ஒரு ராத்திரி அண்ணனைக் காணோம். வாட்ச்மேனா அப்பாவையே நடிக்கச் சொன்னாங்க. கம்பளி போத்திக்கிட்டு, கையில லாந்தர் விளக்கோட கதவைத் தொறந்து, பேசாம முறைக்கணுமாம்.

"ஏன் தம்பி முறைக்கணும்? ராத்திரியில மலையேறி வந்தவங்களை மொதல்ல சாப்டீங்களான்னுதான கேப்பேன்?"

"ஐயா, பாக்கறவங்க உங்களை சந்தேகப்படணும்."

"நான் என்ன பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல ஐயா, அதுக்குத்தான்."

அப்பா என்னைத் திரும்பிப் பாத்தாரு. லாந்தரெல்லாம் அவர் பிடிச்சதே இல்ல, டார்ச்சும் மங்கி குல்லாவும்தான், ராத்திரில அவர் பயந்தது காட்டெருமைக்கும் மிளகு திருட வர்றவனுக்கும்தான். ஆனா சினிமாவுல மலை பங்களான்னா பனி, டவர் இல்லாத போன், முறைக்கற வாட்ச்மேன். த்ரில்லருக்குப் பொய்யா ஒரு சந்தேக ஆள் வேணும், அந்த விதியை நான் குறை சொல்லல. அந்த ஆளுக்கும் மறைக்க சொந்தமா ஒரு காரணம் இருக்கணும்னுதான் சொல்றேன். ஓனருக்குத் தெரியாம சொந்தக்காரப் பையனை ஸ்டோர் ரூம்ல படுக்க வச்சிருக்காருன்னு வைங்க, அப்ப அவர் முழிக்கறதுக்கு அர்த்தம் இருக்கு, உண்மை தெரியும்போது ஏமாத்திட்டாங்கன்னு தோணாது. அதே மாதிரி கொலைகாரனை முதல் பாதியிலயே கண்ணுல காட்டியிருக்கணும், கிளைமாக்ஸ்ல புதுசா ஒருத்தனைக் கூட்டிட்டு வந்தா அது அழுகுணி ஆட்டம்.

அன்னைக்கு டீ குடிக்கும்போது அப்பா சொன்னாரு, அண்ணன் தம்பிக்குள்ள ஆகலன்னா எங்களுக்கு மொத நாளே தெரிஞ்சிரும், ஒருத்தர் சாப்பிட்டு எந்திரிச்சாரான்னு கேட்டுட்டுதான் இன்னொருத்தர் சாப்பிட வருவாருன்னு. இதை எடுங்கடா, அண்ணன் காணாமப் போகவே வேணாம்னேன். "அண்ணா, டிராமான்னா யூடியூப்ல பத்து நிமிஷம் யாரும் உக்கார மாட்டாங்க"ன்னான் டைரக்டர். அவன் பொழப்பு அவனுக்கு, சரி. கடைசில வேற ஒருத்தருக்குக் கம்பளி போத்தி முறைக்க விட்டாங்க. அதுகூடப் பரவால்ல, நன்றி கார்டுல ட்ரோன் வாடகைக்கு விட்டவன் பேர் இருக்கு, எங்கப்பா பேர் இல்ல. சாப்பாடு செஞ்சு போட்டது எங்கம்மா, அதுவும் இல்ல.

இன்டர்வெல் பத்தியும் சொல்லணும். நம்ம ஊர்ப் படத்துல ஜானர் தெரியற இடமே அதுதான்னு நினைக்கிறேன். த்ரில்லர்ல இடைவேளைக்கு ஒரு புது விஷயம் தெரியவரும், டிராமால எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை ஒருத்தர் வாயைத் தொறந்து சொல்லிடுவாரு. உங்க ஸ்கிரிப்ட்ல நடுப்பக்கத்தைப் பிரிச்சுப் பாருங்க.

ஏற்காட்டுல எடுக்கற ஐடியா இருந்தா ஞாயித்துக்கிழமை மட்டும் வராதீங்க. இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கு, ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும்னு ரூல், இறங்கறவங்க ஒருத்தரும் விடறதில்ல, பஸ்ஸு பாதி வளைவுல மாட்டிக்கிட்டு நிக்குது, இவங்க இறங்கி செல்ஃபி எடுக்கறாங்க. கேமரா சாமானோட வர்றீங்கன்னா இன்னொரு ரோடு இருக்கு, குப்பனூர் வழியா வந்துருங்க.