பழைய லாக்க அதே வேகத்துல ஓட விடுறது: கேள்வி பதில்

பினாங்கு பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியில சென்சார் டேட்டா பாத்துக்கிற ஆளு நான். பழைய லாக்க (எது எப்ப நடந்துச்சுன்னு வரிவரியா பதிஞ்ச ஃபைலு) இப்பதான் நடக்கிற மாதிரி காஃப்காவுக்குள்ள (வர்ற மெசேஜ வரிசையா வாங்கி வெச்சு குடுக்கிற சாஃப்ட்வேரு) விட்டு டெஸ்ட் பண்றதப் பத்தி கேளுங்கன்னு வாய விட்டேன், கேள்வி வந்து குவிஞ்சிருச்சு.

அண்ணே, ரெண்டு வரிக்கு நடுவுல எவ்ளோ கேப்போ அவ்ளோ ஸ்லீப் போடுறேன். ஒரு மணி நேர லாக்கு 72 நிமிஷம் ஓடுதே? (பட்டர்வொர்த்)

எல்லாரும் மொதல்ல விழுற குழி தம்பி, நானும் விழுந்து எழுந்தவன்தான். 10 மில்லிசெகண்ட் தூங்குன்னு சொன்னா அது 11 தூங்கிட்டு எழும், அனுப்ப இன்னொரு 1 போகும், ஆக வரிக்கு 2 மிச்சம், அது சேந்து சேந்து மணிக்கு 12 நிமிஷம் ஆயிருச்சு. முந்தின வரிய பாக்காதீங்க, மொத வரிய பாருங்க. மொத டைம்ஸ்டாம்புலேர்ந்து (வரியில பதிஞ்சிருக்கிற நேரம்) இந்த வரி எவ்ளோ தள்ளி இருக்கு, அத ஸ்பீடால (எத்தன மடங்கு வேகமா ஓட்டுறீங்களோ அது) வகுத்து, நீங்க ஓட ஆரம்பிச்ச நேரத்தோட கூட்டுங்க, அதான் இந்த வரி கெளம்ப வேண்டிய நேரம். அதுவரைக்கும் மட்டும் தூங்கணும், ஏற்கனவே லேட்டுன்னா தூங்காம தள்ளிரணும். நேரம் பாக்க மோனோடோனிக் கிளாக்கு (பின்னாடி போகாம முன்னாடியே ஓடுற கிளாக்கு), ஏன்னா சாதா கிளாக்க என்டிபி (நெட்வொர்க் வழியா நேரத்த சரி பண்றது) நடுவுல திருத்திச்சுன்னா எல்லாம் கோவிந்தா.

நாசா வெப் லாக்க வெச்சு பழகுறேன். ஒரு எடத்துல அப்படியே நின்னுருது. (ஜெலுத்தோங்)

1995 ஜூலை, ஆகஸ்ட் லாக்குதானே? ஆகஸ்ட் 1 மத்தியானம் 14:52லேர்ந்து 3ஆம் தேதி விடிகாலை 4:36 வரைக்கும் அதுல ஒரு வரி கூட இல்ல, எரின் புயலுக்காக செர்வர நிறுத்தி வெச்சிருந்தாங்க. 60 மடங்கு ஸ்பீடுல ஓட்டினாலும் கிட்டத்தட்ட 38 நிமிஷம் சும்மா உக்காந்திருக்கணும், மாமாக் கடைக்கு போயி தே தாரேக் குடிச்சிட்டே வந்துரலாம். கேப்புக்கு ஒரு உச்சவரம்பு வைங்க, ஆனா வெட்டின அளவ ஆரம்ப நேரத்துலேர்ந்தும் கழிச்சிருங்க, இல்லன்னா அதுக்கப்புறம் வர்ற வரிக்கெல்லாம் கணக்கு தப்பும்.

இன்னொன்னு, அந்த லாக்குல நேரம் செகண்டோட முடிஞ்சிரும். ஒரே செகண்டுல பத்து வரி இருந்தா பத்தும் ஒரே அடியா போயி விழும். வரிசைய மாத்தாம அந்த செகண்டுக்குள்ள பரப்பி விடுங்க.

காஃப்கா டாப்பிக்ல போட்ட பழைய டேட்டா கொஞ்ச நேரத்துல காணாம போகுது, பேயா? (ஜார்ஜ்டவுன்)

பேய் இல்ல லா, ரிடென்ஷன் (எத்தன நாள் வெச்சிருக்கணும்ங்கிற கெடு). ரெக்கார்டு டைம்ஸ்டாம்புல 1995ன்னு போட்டு அனுப்பினா, ஏழு நாள் வெச்சிக்கிற காஃப்காவுக்கு அது எப்பவோ காலாவதியான சரக்கு, தூக்கிருது. பழைய நேரத்த மெசேஜுக்குள்ள ஒரு ஃபீல்டா வைங்க, டாப்பிக்க லாக் அப்பெண்ட் டைமுக்கு (காஃப்காவுக்கு வந்து சேந்த நேரத்த பதியிறது) மாத்துங்க. அப்புறம் ஃபிளிங்க்ல (காஃப்காவுலேர்ந்து எடுத்து கணக்கு போடுற சாஃப்ட்வேரு) டைம்ஸ்டாம்ப அந்த ஃபீல்டுலேர்ந்து எடுக்க சொல்ல மறந்துராதீங்க, சும்மா விட்டா அது காஃப்கா நேரத்த எடுத்துக்கும்.

டைமிங் எல்லாம் பக்காவா இருக்கு. இது போதுமாண்ணே? (புக்கிட் மெர்தாஜாம்)

போதாது தங்கச்சி. நாங்க இப்படித்தான் நெனச்சு, நேரப்படி நல்லா சார்ட் பண்ணி வெச்ச லாக்குல மூணு வாரம் டெஸ்ட் பண்ணினோம், ஒரு வரி கூட லேட்டா வரல, வாட்டர்மார்க்குக்கு (இந்த நேரம் வரைக்கும் எல்லாம் வந்தாச்சுன்னு ஃபிளிங்க் போடுற கோடு) ரெண்டே செகண்ட் அவகாசம் குடுத்தோம். லைவ் போன மொத நைட் ஷிஃப்டுலயே கவுண்ட் கொறையுது. பாத்தா லேட்டா வந்ததையெல்லாம் விண்டோ (எண்ணுறதுக்கு வெட்டி வெச்ச நேரத் துண்டு) சத்தமில்லாம கழிச்சு கட்டுது, ஃபிளிங்க்ல நீங்க ஒன்னும் சொல்லலன்னா அதான் வழக்கம். தப்பு விண்டோ மேல இல்ல, லாக்கு மேல. சம்பவம் நடந்த நேரம்தான் அதுல இருக்கு, நம்ம கைக்கு வந்து சேந்த நேரம் இல்ல. ரெண்டும் இருந்தா வந்து சேந்த நேரத்த வெச்சு ஓட்டுங்க. இல்லன்னா ஒவ்வொரு வரிக்கும் ஒரு தாமதத்த கூட்டி, அந்த புது நேரப்படி வரிசைப்படுத்தி அனுப்பணும், உள்ள இருக்கிற டைம்ஸ்டாம்ப தொடக்கூடாது. அதுலயும் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியா சீட்டு குலுக்கிப் போடாதீங்க, நெசத்துல அப்படி நடக்காது. ஒரு மெஷினுக்கு மூணு நிமிஷம் லைன் போச்சுன்னா அது தன் வரியெல்லாம் சேத்து வெச்சிட்டு, லைன் வந்ததும் மொத்தமா கொட்டும், பக்கத்து மெஷின் பாட்டுக்கு ஒழுங்கா அனுப்பிக்கிட்டு இருக்கும். அந்த கொட்டலத்தான் டெஸ்ட் பண்ணனும்.

நம்ம லாக்க போட்டா எல்லாம் எட்டு மணி நேரம் தள்ளி நிக்குது. (ஆயர் ஈத்தாம்)

லாக்குல மலேசிய நேரம், செர்வர்ல யுடிசி (உலகப் பொது நேரம்). வேற ஒன்னும் இல்ல, லாக்கு நேரம் யுடிசி பிளஸ் 8ன்னு வெச்சு படிக்க சொல்லுங்க. (1982க்கு முந்தி இங்க ஏழரையா இருந்துச்சு, நல்லவேளை அந்த காலத்து லாக்கு யாருகிட்டயும் இல்ல.)

60 மடங்கு ஸ்பீடுல ஓட்டினா ரிசல்ட் மாறுது. (பட்டர்வொர்த், மறுபடியும்)

ஈவெண்ட் டைம் (சம்பவம் நடந்த நேரம்) விண்டோன்னா மாறக்கூடாது, அஞ்சு நிமிஷ விண்டோ அஞ்சு செகண்டுல மூடிரும், கணக்கு அதேதான். மாறுதுன்னா ரெண்டு எடம் தேடுங்க. ஒன்னு, கோடுக்குள்ள எங்கயோ ஒரு பிராசஸிங் டைம் (மெஷின்ல இப்ப ஓடுற நேரம்) டைமரோ டைம்அவுட்டோ ஒளிஞ்சிருக்கும், அது உங்க ஸ்பீட கண்டுக்காது. இன்னொன்னு, நீங்க கூட்டுன தாமதத்தையும் 60ஆல வகுக்கணும், அத வகுக்காம அப்படியே விட்டிருப்பீங்க.