சிரிப்பும் சம்பளமும் – கடிதம்

அன்புள்ள சார்,

வேளச்சேரியில் நான் முடிவெட்டப் போகும் சலூனில் மணிப்பூரின் உக்ருலைச் சேர்ந்த தங்குல் நாகா இளைஞர் ஒருவர் இருக்கிறார். எப்போதும் சிரிப்பு, அப்படியொரு பணிவு. அவர்கள் இயல்பே அதுதான் போல. அவ்வளவு அழகான மலையை விட்டு ஏன் இங்கே வந்து கஷ்டப்படுகிறார்கள்? பண்பாடு அழிந்துவிடாதா? அங்கே மலையில் சிரோய் லில்லி பூக்கும்போது ஒருமுறை போய்வர ஆசை.

எஸ். (சொந்த ஊர் கடையம்)

அன்புள்ள எஸ்,

கடையமும் அழகான ஊர்தான். நீங்கள் ஏன் வேளச்சேரிக்கு வந்தீர்கள்?

மணிப்பூரில் அரசு வேலையை விட்டால் மாதச் சம்பளம் அபூர்வம். 2011-ல் நெடுஞ்சாலை மறியல் நூறு நாளைத் தாண்டியது. கேஸ், பெட்ரோல் விலை எங்கோ போயிற்று. படித்த பிள்ளைகள் கிளம்பத்தான் செய்வார்கள். பண்பாட்டை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், விடுங்கள்.

ஆனால் 'இயல்பே அதுதான்' என்று எழுதினீர்களே, அதை விடமாட்டேன். கொஞ்ச நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சிரிப்பு வேலை ஐயா, வேலை! எப்படி நிற்பது, எத்தனை 'சார்' போடுவது, நீங்கள் எரிந்து விழுந்தாலும் முகம் சுளிக்காமல் இருப்பது எல்லாம் பழக்கிக் கொடுத்தது. சாதி அடுக்கு இல்லாத சமூகத்தில் பிறந்தவன் இங்கே ஊரார் காலைக் கழுவி நகம் வெட்டுகிறான். அது பிறவிக் குணமாம்! உங்கள் அலுவலகத்தில் நீங்கள் மேலதிகாரியிடம் சிரிப்பதும் பிறவிக் குணம்தானா?

முதலாளிக்கு வேண்டியது அவனுடைய ஆங்கிலமும் 'வெளிநாட்டுக்காரன்' மாதிரி இருக்கும் முகமும். ஆங்கிலம், 1896-ல் உக்ருலுக்குப் போன மிஷனரி வில்லியம் பெட்டிக்ரு பள்ளி தொடங்கிய காலத்துச் சங்கதி. முகமோ, கடைக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும்; தெருவில் இறங்கினால் 'சிங்கி' என்று வசவு. 2014 ஜனவரியில் டெல்லி லாஜ்பத் நகரில் அருணாச்சல மாணவர் நிடோ தானியாவைக் கேலி செய்து, தட்டிக் கேட்டதற்கு அடித்தார்கள். மறுநாள் இறந்துபோனார்.

2012 ஆகஸ்டில் நான் பெங்களூரில் இருந்தேன். வடகிழக்குக்காரர்களைத் தாக்கப்போகிறார்கள் என்று எஸ்எம்எஸ் வதந்தி. குவஹாத்திக்குச் சிறப்பு ரயில்கள் விட்டார்கள். நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் பரிமாறும் பெண், அன்று ராத்திரி ரயிலுக்குப் போகவேண்டியவள், கை நடுங்கத் தட்டை வைத்தாள். மேலாளர் பின்னாலிருந்து அதட்டினார்: "ஸ்மைல், ஸ்மைல்!" அவளும் சிரித்தாள். அதையும் இயல்பு என்பீர்களா?

சிரோய் லில்லி மே, ஜூனில் பூக்கும். 2019 டிசம்பரிலிருந்து மணிப்பூருக்கும் இன்னர் லைன் பெர்மிட் உண்டு; வெளி மாநிலத்தவர் உள்ளே போக வாங்கவேண்டிய அனுமதி அது. 2023 கலவரத்துக்குப் பிறகு சாலை நிலவரம் கேட்காமல் கிளம்பாதீர்கள். அந்தப் பையனிடமே கேட்கலாம். ஷிஃப்ட் முடிந்ததும் கேளுங்கள்.