அறுபதைத் தொடுவது

ஐயா, வணக்கம்.

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். வருகிற தையில் அறுபது நிறைகிறது, ஓய்வும் வருகிறது. மணிவிழா செய்து மலரும் போட வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். எனக்கோ அந்தப் பேச்சை எடுத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை, முழங்கால் நோவு வேறு. வயது போவதை ஊரைக் கூட்டிக் கொண்டாட என்ன இருக்கிறது? நீங்கள் எழுபதைத் தாண்டியவர். உங்களுக்குப் பயமே வருவதில்லையா?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

பயம் வரும். கிளினிக் கொப்பியோடு விடியற்காலையில் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது வரும். பிள்ளைகள் கட்டாரிலும் கனடாவிலும் இருக்க, இரவில் நெஞ்சு கொஞ்சம் அடைத்தால் யாரைக் கூப்பிடுவது என்று வரும். முழங்கால் நோவுக்கு ஆறுதல் வார்த்தை உதவாது. வைத்தியரைப் பாருங்கள், வெயில் ஏறுமுன் நடங்கள். தலைக்கு மை அடிக்க விருப்பமென்றால் அடியுங்கள், அதில் ஒரு பிழையுமில்லை.

ஆனால் கொண்டாட என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, அதை என்னால் சும்மா விட முடியவில்லை.

1990 இல் உங்களுக்கு இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது இருக்கும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுடப்பட்டார்கள். அடுத்த மாதம் 5 ஆம் திகதி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரைப் படையினர் கொண்டுபோனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. இவர்களில் எத்தனை பேர் உங்கள் வயதுக்காரர்கள்! அப்புறம் 2004 டிசம்பர் 26, சுனாமி. கடற்கரைப் பாடசாலைகளில் புதிய தவணை தொடங்கி இடாப்புக் கூப்பிட்டபோது, பதில் வராத பெயர்களை நீங்களும் வாசித்திருப்பீர்கள்.

அந்தத் தொண்ணூறில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் மகனின் படம். அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெருப்பித்திருந்தார்கள். அரும்பு மீசை, கழுத்துப் பொத்தானும் பூட்டிய சட்டை. அந்த அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தபடி, "இருந்திருந்தா இவனுக்கும் இப்ப தலை நரைச்சிருக்கும் மனே" என்றார். பிள்ளையின் நரைத்த தலையைக் காண வேண்டும் என்பதுதான் அவருக்கு மிஞ்சிய ஆசை. நீங்கள் கண்ணாடியில் பார்க்க மறுக்கிற அதே நரை. இதை உங்களை நோகடிக்கச் சொல்லவில்லை டீச்சர். அந்த வீட்டிலிருந்து வந்த பிறகு என் வயதை என்னால் குறை சொல்ல முடிவதில்லை.

போரை விடுங்கள். 1946 இல் இலங்கையில் சராசரி ஆயுளே 43 வயதளவில்தான் இருந்தது. மலேரியாவும் பிரசவ வீட்டுச் சாவும் பிஞ்சுப் பிள்ளைகளின் சாவும் அவ்வளவு. இன்று அது 75 ஐத் தாண்டிவிட்டது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளுக்குக் கிடைத்தது 55 வருடம். பழந்தமிழ் இசை பற்றி அவர் எழுதிய யாழ் நூல் 1947 ஜூனில் அரங்கேறியது, ஜூலை 19 இல் அவர் போய்விட்டார். இன்னும் ஒரு பத்து வருடம் இருந்திருந்தால் எவ்வளவு எழுதியிருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. அவர் காணாத அந்த வருடங்கள் உங்களுக்குக் கிடைத்திருக்கின்றன. இனி பாட ஆயத்தம் எழுத வேண்டியதில்லை, மணியடிக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. எங்கள் பகுதி வழக்கப்படி வீடு வளவு மகளுக்கு என்றால், பேரப்பிள்ளைகளும் காலடியில்தான் வளரப்போகிறார்கள்.

ஆகவே மணிவிழாவைச் செய்யச் சொல்லுங்கள். மலரில் அதிபர், பணிப்பாளர் வாழ்த்துகள் வரும், வரட்டும். உங்களோடு படித்து, இந்த வருடம் அறுபதைத் தொட்டிருக்க வேண்டியவர்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். யார் பக்கத்து வாங்கில் இருந்தார், யார் கணக்கில் கெட்டி, யாருக்குக் கூத்துப்பாட்டு நன்றாக வரும் என்று நினைவிருப்பதை உங்கள் கையாலேயே எழுதுங்கள். அந்தப் பிள்ளைகளின் தாய்தகப்பன் உயிரோடிருந்தால் அவர்களையும் விழாவுக்கு அழையுங்கள். மலர் வந்ததும் எனக்கும் ஒரு பிரதி வேண்டும்.